இரண்டு விரல் இறக்கம்

அந்த வீடியோவை அமுதவள்ளி மறுபடியும் ஓடவிட்டபோது திருச்செல்வம் மனசுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டான். காலையிலிருந்து இதே வேலைதான். வெள்ளை மைவி கார் ஒன்று வருகிறது. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையைத் தாண்டுகிறது. முனையில் வலது பக்கம் திரும்பி மறைந்துபோகிறது. எதிர்வீட்டுக் கேமரா பிடித்த படம், சத்தம்கூடக் கிடையாது. கார் மறைந்த இடத்தில்தான் சைக்கிளில் போன சின்னையா என்ற பெரியவர் அடிபட்டுச் செத்தார். இடித்த கார் நிற்கவில்லை.

"பாஸ், இன்னொரு தரம் பார்த்தோம்னா அந்தக் காரே நமக்குக் கையாட்டும்," என்றான்.

"ஆட்டினா எந்தக் கைன்னு பார்த்துச் சொல்லு," என்றாள் அமுதவள்ளி, கண்ணை எடுக்காமல்.

அமுதவள்ளி இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்தே தலை நரைத்தவள். வேலையை விட்டபின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். அவளுக்கு உதவியாளாகச் சேர்வதற்கு முன் திருச்செல்வம் வாடகைக் கார் ஓட்டியவன். ஏறும் பயணிகளிடம் ஓயாமல் பேசி, அவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் குறைந்து, கடைசியில் அந்த வாடகைக் கார் ஆப்பே அவனை இறக்கிவிட்டுவிட்டது. இங்கே பேச்சுக்கு நட்சத்திரம் போட ஆள் இல்லை என்பது அவனுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் இன்று அவன் பேச்சு எடுபடவில்லை. எதிர் நாற்காலியில் மாதவி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம் ஆகவில்லை என்றாலும் வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் புருஷன் விமலன், விபத்து நடந்த அன்றே தானாக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிக் கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டான். நாளைக் காலையில் கோர்ட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம். வக்கீல்கூட, ஆளே ஒப்புக்கொள்ளும்போது நான் எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது என்று கையை விரித்துவிட்டார்.

"ரோட்டுல பூனை குறுக்க போனாக்கூட நிறுத்துவாரு, ஆன்டி. அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் காரை எடுப்பாரு," என்றாள் மாதவி. "அவரா ஒரு மனுஷனை இடிச்சிட்டு ஓடுவாரு? அவர் பொய் சொல்றாரு. ஏன்னுதான் தெரியலை."

"லாக்கப்பில போய்ப் பார்த்தியா?"

"என்னை மட்டும் ஒரு தரம் விட்டாங்க. வேற யாரையும் விடலை. முகத்தையே பார்க்க மாட்டேங்கிறாரு. 'நான்தான் மாது, விட்டுரு'ங்கிறாரு. அதுக்கு மேல வாயே திறக்கலை."

அவள் பக்கத்தில் தம்பி லோகன் நின்றிருந்தான். அப்பா அம்மா போனபோது அவன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பையன். சோறு ஊட்டி, சட்டை தேய்த்துப் போட்டு, ஃபீஸ் கட்டி ஆளாக்கியது மாதவிதான். பேருக்குத்தான் தம்பி, வளர்த்ததெல்லாம் பிள்ளையாக. இப்போது செமினியில் வீடு கட்டும் இடத்தில் மேற்பார்வை வேலை. அக்காளின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவனே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ எப்பப்பா அந்தக் காரைக் கடைசியாப் பார்த்தே?" என்று அமுதவள்ளி அவனிடம் கேட்டாள்.

"சக்கரத்து ரிம்மு மாத்தினப்ப பார்த்ததுதான், ஆன்டி. தீபாவளிக்கு முந்தி. அப்புறம் செமினியிலேயே கிடக்கேன் லா. மாமா உள்ள போயிட்டாருன்னு அக்கா போன் போட்டப்பதான் ஓடி வந்தேன்." அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "பிக்அப் வண்டியை ரோட்டை மறிச்சு விட்டிருக்கேன். சம்மன் போட்டு அபராதம் கேப்பாங்க. எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் படியிறங்கிப் போனதும் அமுதவள்ளி வீடியோவை நிறுத்தினாள். கார் சரியாக வேகத்தடைமேல் நின்றது.

"செல்வம், இந்தக் காரைப் பாரு. என்ன தெரியுது?"

"உயரம் குறைஞ்சிருக்கு, பாஸ். டயருக்கும் மேல இருக்கிற தகட்டுக்கும் நடுவுல இடமே இல்லை. ஸ்பிரிங் மாத்தி இறக்கியிருக்காங்க."

"இப்படி இறக்கின கார் வச்சிருந்தா நீ இந்த மாதிரி வேகத்தடை பம்ப்பை எப்படித் தாண்டுவே?"

"கல்யாணப் பொண்ணு படி இறங்கற மாதிரிதான். நேரா ஏறினா அடியில கிர்ருன்னு இழுத்து எல்லாம் பிஞ்சிடும். சாய்ச்சு எடுத்து, ஒரு டயரை ஏத்தி, அது இறங்கினப்புறம் அடுத்த டயரை ஏத்தணும். காரை இறக்கினவன் எல்லாரும் அப்படித்தான்..." திருச்செல்வம் பாதியில் நிறுத்தினான். படத்தில் இருந்த கார் ரோட்டுக்கு நேராக, முன் டயர் இரண்டையும் ஒன்றாகத் தடைமேல் ஏற்றியிருந்தது.

"அதான்," என்றாள் அமுதவள்ளி. "ஓட்டினவனுக்குக் கார் இறங்கியிருக்குன்னே தெரியலை. இல்லைன்னா தெரிஞ்சும் பழக்கம் இல்லை. மாதவி, இந்த வேலையெல்லாம் எந்தக் கடையில செஞ்சாரு?"

"கிள்ளான்ல ரியாஸ்னு ஒருத்தர் கடை. எல்லாம் அங்கதான். இவரு எப்ப எதை மாத்தினாருன்னு எனக்குத் தெரியாது ஆன்டி. விபத்து நடந்த அன்னிக்கு நான் மாமியார் வீட்டுல இருந்தேன்." மாதவியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அப்ப அவரு ஓட்டலை, அப்படித்தானே?"

"கடைக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள் அமுதவள்ளி.

எல்லாரும் லோகனின் பிக்அப்பிலேயே கிளம்பினார்கள். அக்கா முன்னால், துப்பறிகிறவர்கள் பின்னால். பின் இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்த திருச்செல்வம், இது மனிதர்களுக்குச் செய்ததா சிமெண்ட் மூட்டைக்குச் செய்ததா என்று கேட்டுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையில் லோரிகள் சர்சர் என்று தாண்டிப் போயின. லோகன் ஒன்றையும் முந்தவில்லை. கிள்ளான் வந்து சின்ன ரோட்டில் இறங்கியதும், ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு தடைக்கும் பிரேக்கை மெல்ல அமுக்கி, அக்காளின் உடம்பு அசையாமல் ஓட்டிக்கொண்டு வந்தான். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று திருச்செல்வம் நினைத்தான்.

பள்ளிக்கூடம் வந்தது. அமுதவள்ளி நிறுத்தச் சொன்னாள். முனையில் விளக்குக் கம்பத்தடியில் யாரோ வைத்த மாலை காய்ந்து கிடந்தது. சின்னையாவின் மனைவி நல்லம்மாள் தினமும் வந்து நிற்பதாகப் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். யார் இடித்தது என்பதைவிட, ஏன் நிற்காமல் போனான் என்றுதான் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

அமுதவள்ளியும் திருச்செல்வமும் திரும்பி வந்து ஏறியபோது லோகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். இறங்கவே இல்லை. வண்டியை முனையில் திருப்பினான்.

"பாருங்க ஆன்டி," என்றான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "இந்த முனையில ஸ்டியரிங்கை முழுசா வெட்டித் திருப்பணும். அந்தக் காரு இடது பக்கம் ஒண்ணும் செய்யாது. வலது பக்கம் முழுசா வெட்டினா மட்டும் டயரு உள்ள உரசிக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு யாரா இருந்தாலும் பயந்து ஸ்டியரிங்கை விட்டுருவாங்க. கார் நேராப் போய் எதிர்ல வர்றவங்க மேலதான் ஏறும். மாமா வேணும்னு செய்யலை. பயந்து போயிருப்பாரு. பயந்தவனுக்கு நிக்கத் தோணாது, ஓடத்தான் தோணும். இதை ஜட்ஜுகிட்ட எடுத்துச் சொன்னா தண்டனையைக் குறைக்க மாட்டாங்களா?"

"கேட்டுப் பார்க்கலாம்," என்றாள் அமுதவள்ளி. திருச்செல்வத்துக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது. மாமனுக்காக எப்படியெல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்!

ரியாஸின் கடை வாசலில் ரிம்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. உள்ளே ரப்பர் வாடை. மாதவிக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது என்று லோகன் அவளை எதிர்ச்சாரியில் இருந்த இளநீர்க் கடைக்கு அழைத்துப் போனான். ரியாஸ் தாடியைச் சொறிந்துகொண்டு வந்தான். விமலன் பேரைச் சொன்னதும் அவன் முகம் வாடியது.

"அவரு மாதிரி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததில்லை, அக்கா. இங்க வர்றவனுங்க போன்ல ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி வேணும் பாஸ்' அப்படிம்பானுங்க. முடிஞ்சுது. இவரு வந்து வந்து பார்த்துட்டுப் போவாரு. பெரிய ரிம்மாப் போடுங்க, அழகா இருக்கும்னேன். வேண்டாம்னுட்டாரு. ரிம்மு பெருசானா டயர் மெல்லிசாயிடும், குழியில விழுந்தா வீட்டுல முழுகாம இருக்கிறவளுக்குத் தூக்கிப் போடும்னாரு. சின்ன ரிம்மா எடுத்து, தடிச்ச டயரா போட்டாரு. அதுலயும் அகலமான டயர். மழையில ரோட்டை நல்லாப் பிடிக்கும்னு."

"ஸ்பிரிங்கு?" என்றாள் அமுதவள்ளி.

"அதுலயும் இதே கதைதான். இவரு கூட்டாளிங்க எல்லாம் நாலு விரல் இறக்கினாங்க." டயருக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு குறையும் என்று ரியாஸ் தன் விரலை வைத்துக் காட்டினான். "இவரு ரெண்டு விரல் போதும்னாரு. அதுக்கு மேல இறக்கினா குலுங்குமாம். ரெண்டு விரல் ஸ்பிரிங் கையில இல்லை, வரும்வரைக்கும் காத்திருந்தாரு. வேற யாராவதா இருந்தா கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பான்."

"ஸ்பிரிங் எப்ப வந்துச்சு?"

"விபத்து நடந்த அன்னிக்குத்தான். மத்தியானம் மாட்டினேன், சாயந்தரம் எடுத்துட்டுப் போனாரு. அன்னிக்கே போலீஸ் காரைப் பிடிச்சு வச்சிட்டாங்க. ஒரு நாள்கூட முழுசா ஓட்டலை, பாவம்."

"புதுசு இல்லையா, பழக்கமில்லாம பம்ப்பை நேரா ஏத்தியிருப்பாரா?" என்று திருச்செல்வம் கேட்டான்.

"இவரா? வாசல்ல கால்வாய்மேல பலகை போட்டிருக்கேன் பாருங்க, அதையே சாய்ச்சு சாய்ச்சுத்தான் தாண்டினாரு. அவரு இறங்கிப் போறதுக்குள்ள பின்னால ரெண்டு வண்டி ஹார்ன் அடிச்சுட்டாங்க." ரியாஸ் பெருமூச்சு விட்டான். "ஒரே ஒரு குறைதான். அந்த அகலமான டயரு. காரு இறங்கினதும் உள்ள இடிக்க ஆரம்பிச்சிருச்சு. இடது பக்கம் பிளாஸ்டிக்கை வளைச்சு சரி பண்ணிட்டேன். வலது பக்கம் செய்றதுக்குள்ள வேற வேலைக்கு ஆள் வந்துட்டாங்க. நாளைக்கு வாங்க, அதுவரைக்கும் வலது பக்கம் முழுசா வெட்டாதீங்க, சத்தம் வரும், பயந்துராதீங்கன்னு சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்."

"அதாவது, வலது பக்கம் உரசும்னு அவருக்குத் தெரியும்."

"எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். போலீஸ்கூட என்கிட்ட ரிம்மு பெர்மிஷன்லாம் சரியாங்கிறதைத்தான் கேட்டுட்டுப் போனாங்க."

திருச்செல்வத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாஸ்! முடிஞ்சது கேஸ்! சாய்ச்சு தாண்டுற ஆளு நேரா ஏத்தமாட்டான். சத்தம் வரும்னு தெரிஞ்ச ஆளு அதுக்குப் பயந்து ஸ்டியரிங்கை விடமாட்டான். ஓட்டினது விமலன் இல்லவே இல்லை. ஓட்டினவன்..."

அமுதவள்ளி அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் உற்சாகம் எதுவும் இல்லை.

அப்போதுதான் திருச்செல்வத்துக்கு உறைத்தது. இடது பக்கம் ஒன்றும் செய்யாது, வலது பக்கம் முழுசாக வெட்டினால் மட்டும் உரசும் என்று இன்னொருவனும் சொன்னானே. தீபாவளிக்கு முந்தி பார்த்த காரைப் பற்றி. லாக்கப்பில் விமலனைப் பார்க்க அனுமதி கிடைக்காதவன். திருச்செல்வம் மெல்லத் திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். லோகன் இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு அக்காள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் வெயிலில் நிற்கிறாள் என்று கடைக்காரனிடம் நாற்காலி கேட்டு வாங்கி நிழலில் போட்டான்.  ஒருவனை வெளியே எடுக்க வேண்டுமானால் இன்னொருவனை உள்ளே தள்ள வேண்டும், இரண்டு பேருமே அந்தப் பெண்ணுடைய ஆட்கள். இதில் யார் என்ன செய்ய முடியும்?

"கூப்பிடு அவனை," என்றாள் அமுதவள்ளி. "அவனை மட்டும்."

லோகன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அமுதவள்ளி குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்குத்தான் ஸ்பிரிங் மாட்டினாங்கப்பா. வலது பக்கம் உரசும்னு கடைக்காரருக்கும் விமலனுக்கும்தான் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 லோகன் அடுக்கியிருந்த டயர்களின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறுத்துப் பேச அவன் முயலவே இல்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டு இருந்தவன் மாதிரித்தான் பேசினான்.

"அன்னிக்கு சாயந்தரம் சும்மா வந்தேன், அண்ணே," என்றான், அமுதவள்ளியைப் பார்க்க முடியாமல் திருச்செல்வத்தைப் பார்த்து. "மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருடான்னு சாவியைத் தூக்கிப் போட்டாரு. என்ன மாத்தினோம்னு சொல்லலை, நானே ஓட்டிக் கண்டுபிடிக்கணுமாம், விளையாட்டுக்கு. பம்ப்புல அடி வாங்கினதும் எனக்கு ஒரே பயம். காரைக் கெடுத்துட்டோமேன்னு. அடுத்த நொடி டயரு கத்துச்சு. நான் விட்டுட்டேன். பெரியவரு எதிர்ல வந்துட்டாரு."

"நிறுத்தியிருக்கலாமே லோகா," என்றாள் அமுதவள்ளி.

"நிறுத்தியிருக்கணும்." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "வீட்டுக்கு ஓடிப்போய் மாமா காலைப் பிடிச்சு அழுதேன். அவரு ஒரு வார்த்தை திட்டலை. உன்னைப் பிடிச்சுட்டுப் போனா உங்க அக்கா தாங்கமாட்டா, வயித்துல வேற இருக்கு, நீ செமினிக்குப் போயிடு, யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னாரு. பழியை நீங்க ஏத்துக்காதீங்க மாமான்னு தடுத்தேன். என்னைத் தள்ளி விட்டுட்டு அவரே ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. நாளைக்கு அவர் ஒத்துக்கிட்டா முடிஞ்சுடும், அப்புறம் நான் சொல்லி என்ன ஆகும்? தினமும் சொல்லிடலாம்னுதான் அக்கா முன்னால போய் நிக்கறேன். அவ 'சாப்பிட்டியாடா'ன்னு கேக்கறா. என்னால முடியலை அண்ணே."

திருச்செல்வம் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தான். வாடகைக் காரில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னவன் அவன். இப்போது லோகனின் தோளில் கை வைத்ததோடு சரி. ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

"மாதவிதான் என்னைக் கூப்பிட்டா," என்றாள் அமுதவள்ளி. "அவகிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா நீ சொல்றதா இருந்தா, நான் வாயைத் திறக்கலை."

அதற்குள் மாதவியே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள். அமுதவள்ளி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"ஆன்டி, என்ன தெரிஞ்சுது? சொல்லுங்க."

"உன் புருஷன் ஓட்டலைம்மா," என்றாள் அமுதவள்ளி. "அதை நிரூபிக்கலாம்."

 மாதவி டயர்மேல் உட்கார்ந்திருந்த தம்பியின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். "கேட்டியாடா! நான் சொன்னேன்ல, அவரு செஞ்சிருக்கமாட்டாருன்னு! முருகா! நாளைக்கே கூட்டிட்டு வந்துரலாம்டா, லோகா!" சிரித்தாள், அழுதாள், தம்பியின் தோளில் தட்டினாள். அவன் கையை விடவே இல்லை. பிறகு அமுதவள்ளியின் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது. "அப்ப யாரு ஆன்டி? யாரா இருந்தாலும் விடாதீங்க. ஒரு உசிரை எடுத்துட்டு, எங்க வீட்டுக்காரரை உள்ள வச்சுட்டு, அவன் வெளிய சுத்திக்கிட்டுத் திரியறான். அவன் உருப்படவே கூடாது. அவனைப் பெத்தவளும் வளர்த்தவளும் நாசமாப் போகணும்!"

"அக்கா, அப்படிச் சொல்லாதே," என்றான் லோகன்.

"ஏன்டா சொல்லக்கூடாது? அவன் மேல உனக்கு என்ன இரக்கம்?"

 லோகன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். உதடு துடித்தது. மாதவி முதலில் கோபத்தோடுதான் அவனைப் பார்த்தாள். பிறகு அமுதவள்ளியைப் பார்த்தாள். அமுதவள்ளி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மாதவி மறுபடி தம்பி பக்கம் திரும்பி, அவன் முகத்தையே பார்த்தாள். வெளியே ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது.

அவள் பிடித்திருந்த கையை விடவில்லை. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லைன்னு சொல்லுடா," என்றாள். "லோகா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிடறேன்."